வயதோடு வளரும் யோகப் பயிற்சி: வாசகர் கேள்வி-பதில்

காரைக்குடிப் பகுதியில் நெடுங்காலமாக யோகம் பயின்றும் பயிற்றுவித்தும் வரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: ஆச்சி, சிறு வயதிலிருந்தே நீங்கள் யோகாசனம் செய்து வருவதாக அறிந்தேன். எழுபதைக் கடந்த பிறகும் அதே ஆசனங்களைத்தான் செய்கிறீர்களா? எனக்கு 52 வயதாகிறது. பல ஆண்டுகளாகச் செய்துவந்த, தலைகீழாக நிற்கும் சிரசாசனமும், மல்லாந்து படுத்துக் கால்களைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ஹலாசனமும் இப்போது சிரமமாக இருக்கின்றன. இவற்றை விட்டுவிட்டால் இத்தனை நாள் உழைப்பும் வீணாகிவிடுமோ என்று கவலையாக இருக்கிறது.
— வாசகி, கோட்டையூர்

பதில்: வீணாகாது, அம்மா. ஓர் ஆசனத்தை விடுவதால் யோகம் விட்டுப்போவதில்லை. நான் இன்று செய்யும் பயிற்சியையும் பள்ளி நாட்களில் செய்த பயிற்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டிலும் பொதுவாக உள்ள ஆசனங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆனாலும் அது ஒரே பயிற்சிதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் என் அப்பச்சி, அதாவது அப்பா. மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போய்த் திரும்பியவர் அவர். விடியற்காலையில் வீட்டின் உள்திண்ணையான பட்டாலையில் ஜமுக்காளத்தை விரித்துச் சூரிய நமஸ்காரம் செய்வார். பிள்ளைகள் நாங்கள் பின்னால் வரிசையாக நின்று செய்வோம். வியர்வை பட்டால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழுக்கும் என்பதால் ஜமுக்காளத்தின் நான்கு முனைகளிலும் மணைப்பலகையை வைத்து அழுத்தியிருப்பார். பன்னிரண்டு நிலைகளையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவிச் செய்வதே அந்த வயதில் எங்களுக்குப் பிடித்திருந்தது. அவரும் எங்களை எதிலும் நெடுநேரம் நிறுத்தி வைத்ததில்லை.

பின்னர் ஆசிரியப் பயிற்சிக்காகச் சென்னையில் தங்கியிருந்தபோது, திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் மரபில் பயின்ற ஓர் ஆசிரியரிடம் முறையாகக் கற்கும் வாய்ப்புக் கிடைத்தது. கிருஷ்ணமாச்சாரியார் 1888இல் இன்றைய கர்நாடகத்தில் பிறந்து, 1930களில் மைசூர் அரண்மனை ஆதரவில் யோகசாலை நடத்தி, 1950களின் தொடக்கத்தில் சென்னையில் குடியேறி, 1989இல் நூறாண்டு வாழ்வு நிறைந்து மறைந்தவர். பயிற்சியை வாழ்நாளின் மூன்று பருவங்களுக்கு ஏற்ப வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த மரபின் அடிப்படைப் பாடம். வளரும் வயதுக்குரியது சிருஷ்டி கிரமம். உடல் வளைந்து, தாவி, வலுப்பெற வேண்டிய காலம் அது. குடும்பத்தையும் வேலையையும் சுமக்கும் நடுவயதுக்குரியது ஸ்திதி கிரமம். இருக்கும் வலுவையும் நலத்தையும் காப்பதே அப்போதைய நோக்கம். முதுமைக்குரியது லய கிரமம். அதில் ஆசனங்கள் குறைந்து, பிராணாயாமமும் ஜபமும் தியானமும் பெருகும். யோகத்துக்கு மூலநூல் தந்த பதஞ்சலியின் சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றியவை மூன்றே மூன்றுதான் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். உடலை வளைப்பது மட்டுமே யோகமாக இருந்திருந்தால் அவர் இன்னும் பல சூத்திரங்களை அதற்கு ஒதுக்கியிருப்பார்.

கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவர்கள் ஒருவரோடொருவர் மாறுபட்டுத் தோன்றுவதற்கும் இதில் ஓரளவு விடை இருப்பதாக நான் கருதுகிறேன். மைசூரில் இளைஞராக இருந்து கற்ற பட்டாபி ஜோயிஸ், மூச்சோடு இணைந்த விரைவான தொடர்வரிசையைப் பரப்பினார். சிறு வயதில் நோயாளியாக அங்கே சென்ற பி.கே.எஸ். ஐயங்கார், ஒவ்வொரு நிலையிலும் நுணுக்கமாகவும் நெடுநேரமாகவும் நிற்பதையும், கயிறு, நாற்காலி, கட்டை ஆகியவற்றைத் துணையாகக் கொள்வதையும் வளர்த்தெடுத்தார். தந்தையின் பிற்காலத்தில் உடனிருந்து கற்ற மகன் தேசிகாச்சார், ஆளுக்கு ஆள் தனியாகப் பயிற்சி வகுத்துக் கொடுப்பதை முன்னிறுத்தி, 1976இல் சென்னையில் தந்தையின் பெயரால் ‘யோக மந்திரம்’ என்னும் யோகப் பள்ளியை நிறுவினார். ஒரே ஊற்றிலிருந்து வந்த இந்த மூன்று வழிகளில் எது சரி என்று சண்டையிடுவோரைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

திருமணத்துக்குப் பிறகு பயிற்சி சுருங்கியது. பள்ளி வேலை, பிள்ளைகள், வீட்டில் நடந்துகொண்டே இருந்த விசேஷங்கள் ஆகியவற்றுக்கு நடுவே, அடுப்படிக்குப் போகும் முன்பு கிடைத்த சிறு பொழுதே எனக்கு மிஞ்சியது. கருவுற்றிருந்த காலங்களில் குப்புறப்படுத்துச் செய்பவற்றையும் தலைகீழ் ஆசனங்களையும் நிறுத்திவிட்டு, நின்று கைகளை உயர்த்துவதும் சீராக மூச்சு விடுவதுமாகவே மாதங்கள் கழிந்தன. அந்தச் சுருங்கிய பயிற்சிதான் என்னை இன்றுவரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். நீண்ட பயிற்சிக்கு நேரம் இல்லாத நாளில் ஒன்றுமே செய்யாமல் விடுகிறவர்களைவிட, அன்றைக்குக் கிடைத்த பத்து நிமிடத்தை விடாமல் செய்கிறவர்களே முதுமை வரை பயிற்சியோடு இருக்கிறார்கள். என்னிடம் பயின்றவர்களிடமும் இதையே கண்டிருக்கிறேன்.

அறுபது வயதுக்குப் பிறகு, கண்புரைக்காகப் பரிசோதித்த மருத்துவர் எனக்குக் கண்ணின் உள்ளழுத்தம் கூடியிருப்பதைக் கண்டறிந்தார். அன்றோடு சிரசாசனத்தை நிறுத்தினேன். தலைகீழாக நிற்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. குளுக்கோமா என்னும் கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்கு அது பார்வை நரம்பையே பாதிக்கக்கூடும். சிரசாசனத்தில் மட்டுமல்லாமல், அதோமுக சுவானாசனம், உத்தானாசனம், ஹலாசனம் போன்று தலை தாழும் நிலைகளிலும் அழுத்தம் ஏறுகிறது என்பதால் அவற்றையும் விட்டேன்.

இன்றைய என் பயிற்சி இதுதான்: வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றப் பகுதியில் உள்ள தேக்குத் தூணில் ஒரு உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கிறேன், பிறகு கையை எடுத்துவிட்டு, விழுந்தால் பிடித்துக்கொள்ளும் தொலைவில் வைத்திருக்கிறேன். கையை ஊன்றாமல் தரையில் அமர்ந்து எழுகிறேன். மல்லாந்து படுத்து, மூச்சை இழுக்கும்போது இடுப்பை உயர்த்தி, விடும்போது முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவாகப் பாயில் இறக்குகிறேன். இதில்தான் கவனம் மிகவும் வேண்டும். அவசரப்பட்டால் நடுமுதுகு மொத்தமாகத் தொப்பென்று விழுந்துவிடும். மூச்சு நீண்டு மெதுவாக வெளியேறினால் மட்டுமே கணுக்கள் வரிசையாக இறங்கும். இளமையில் நான் ஒரு பொருட்டாகவே எண்ணாத இந்த ஒரு அசைவு, இப்போது எனக்கு அன்றைய சிரசாசனம் அளவுக்கு நிறைவளிக்கிறது. அதன்பின் அமர்ந்து செய்யும் பிராணாயாமத்துக்கே பெரும்பகுதி நேரம் போகிறது.

உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் பருவத்தை ஒட்டி எலும்பின் அடர்த்தி விரைவாகக் குறையும். அடர்த்தி குறைந்த முதுகெலும்பை முன்பக்கமாக வளைத்து அழுத்தினால், கணு நொறுங்கும் அபாயம் உண்டு. எனவே ஹலாசனத்தை இப்போதே நிறுத்துங்கள். எலும்பு அடர்த்தியையும் கண்ணழுத்தத்தையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதுவரை, நின்று செய்யும் வீரபத்ராசனம், குப்புறப்படுத்து மார்பைச் சிறிதே உயர்த்தும் தாழ்வான புஜங்காசனம், மேலே நான் சொன்ன இடுப்பை உயர்த்தும் பயிற்சி ஆகியவை உங்களுக்குப் போதும். உடலின் எடையைக் கால்கள் தாங்கும் பயிற்சிகள் எலும்புக்கும் துணைசெய்யும்.

கேள்வி: அம்மா, எனக்கு 58 வயது, கடையில் நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். முழங்காலில் தேய்மானம் இருப்பதால் சம்மணமிட்டு உட்கார முடியவில்லை. இனிமேல் யோகா தொடங்க முடியுமா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: தாராளமாகத் தொடங்கலாம், ஐயா. சம்மணமிட முடியாததை ஒரு தடையாக எண்ண வேண்டாம். கைப்பிடியில்லாத, அசையாத ஒரு நாற்காலி போதும். பத்மாசனத்தையும் வஜ்ராசனத்தையும் முயலவே வேண்டாம். உணவுக்குப் பின் வஜ்ராசனத்தில் அமர்வது செரிமானத்துக்கு நல்லது என்று யாராவது வற்புறுத்தினாலும், தேய்ந்த முழங்காலை முற்றிலும் மடக்கி அதன்மேல் உடல் எடையை ஏற்றுவது உங்களுக்குப் பொருந்தாது.

முதல் மாதம் மூன்று பயிற்சிகள் மட்டும் செய்யுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை மேலே உயர்த்தி, விட்டுக்கொண்டே இறக்குங்கள். உடம்பு விரியும் அசைவுக்கு உள்மூச்சு, மடங்கும் அசைவுக்கு வெளிமூச்சு என்ற இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதி யோகம் கைவந்துவிடும். அடுத்து, அமர்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி இறக்குங்கள். முழங்காலைத் தாங்குவது அந்தத் தசைதான். மூன்றாவதாக, கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவாக அமருங்கள். இயலாவிட்டால், இருக்கையின் மேல் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் பந்திப்பாயில் அமர்ந்து எழுவதும், தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவதும் நம் ஊர்களில் தினமும் நடந்த பயிற்சிகள். சாப்பாட்டு மேசை வந்த பிறகு அவை நம் உடம்பைவிட்டுப் போய்விட்டன. அந்த இழப்பை நாற்காலிப் பயிற்சி ஓரளவு ஈடுசெய்யும்.

சர்க்கரை பற்றி ஓர் எச்சரிக்கை. வெறும் வயிற்றில் யோகம் செய்ய வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு வெறும் வயிற்றுப் பயிற்சியில் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடலாம். உங்கள் மாத்திரை எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டு, நேரத்தை முடிவு செய்யுங்கள். படபடப்பு, நடுக்கம், வியர்வை தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு இனிப்பு ஏதேனும் சாப்பிடுங்கள்.

கேள்வி: திருமந்திரத்தில் மூச்சைப் பதினாறு மாத்திரை (கால அளவு) இழுத்து, அறுபத்துநான்கு மாத்திரை நிறுத்தி, முப்பத்திரண்டு மாத்திரை விடும்படி கூறப்பட்டிருக்கிறது. இதை நானே பழகிவருகிறேன். தலை கனக்கிறது. எனக்குச் சிறிது இரத்த அழுத்தமும் உண்டு. தொடரலாமா?
— வாசகர், கானாடுகாத்தான்

பதில்: இன்றே நிறுத்திவிடுங்கள். திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தின் எட்டு உறுப்புகளையும் வரிசையாகச் சொல்லும்போது, இயமம் (தீயவை விலக்கல்), நியமம் (நல்லொழுக்கம்), ஆதனம் (ஆசனம்) ஆகியவற்றுக்குப் பிறகே பிராணாயாமத்துக்கு வருகிறார். அந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. பதினாறும் அறுபத்துநான்கும் முப்பத்திரண்டும் சேர்ந்தால் ஒரு மூச்சுக்கு 112 மாத்திரை. கண்ணிமைக்கும் நேரமே ஒரு மாத்திரை என்பது இலக்கணம்; அதை விட்டுவிட்டு இக்காலத்தவர் பலர் செய்வதுபோல ஒரு வினாடி என்று எண்ணினால், ஒரே மூச்சு கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் நீள்கிறது. நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடும் நம்மைப் போன்றவர்கள் ஒரே தாவலில் அங்கே போய்ச் சேர முடியாது. குரு அருகிலிருக்க, பல ஆண்டுகளில் படிப்படியாக எட்ட வேண்டிய அளவு அது.

நம் சிவகங்கைச் சீமையில் 1897இல் பிறந்த கவியோகி சுத்தானந்த பாரதியார், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் பல ஆண்டுகள் மௌனம் காத்துத் தம் வாழ்வையே யோகத்துக்கு ஒப்படைத்தவர். அத்தகையோரின் நாள் முழுவதும் தவத்துக்கு உரியது. கடைக்கும் அலுவலகத்துக்கும் சென்று திரும்பும் நாம், நமக்குரிய அளவோடு செய்வதே திருமூலருக்குச் செய்யும் மரியாதை.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை நிறுத்திவைக்கும் கும்பகத்தைத் தவிர்ப்பது நல்லது. அதற்குப் பதிலாக, இரண்டு நாசிகளாலும் நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். எண்ணிக்கை வினாடிக்கு ஒன்றாக இருந்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். இந்த வேகத்தில் மூச்சு செல்லும்போது இதயத் துடிப்பு நிதானப்படுகிறது. தொடர்ந்து செய்தால் இரத்த அழுத்தமும் சற்றுக் குறைய வாய்ப்புண்டு. ஆறு எண்ணுவதற்குள் திணறல் ஏற்பட்டால் ஐந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அழுத்தத்துக்கான மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் குறைக்கக் கூடாது.

கேள்வி: காலையில் காபி குடித்துவிட்டு ஆசனம் செய்யலாமா?
— வாசகி, புதுவயல்

பதில்: அரை டம்ளர் குடித்துவிட்டு அரைமணி நேரம் கழித்துச் செய்யலாம். பலகாரம் சாப்பிட்டால் இரண்டு மணி நேரமும், முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு மணி நேரமும் இடைவெளி விடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நம் பகுதியில் விடிந்த சிறிது நேரத்திலேயே புழுங்கத் தொடங்கிவிடும் என்பதால், அந்த மாதங்களில் பொழுது புலரும் முன்பே முடித்துக்கொள்வது உடம்புக்கு இதம்.

கேள்வி: என் பத்து வயது மகள் யோகாசனப் போட்டிகளில் பரிசு வாங்கிவருகிறாள். இன்னும் நன்றாக வளைய வேண்டும் என்று பயிற்சியாளர் முதுகில் அழுத்துகிறார். குழந்தை சில நாட்களில் அழுகிறாள். என்ன செய்வது?
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: முதுகில் அழுத்துவதை நிறுத்தச் சொல்லுங்கள், நிறுத்தாவிட்டால் குழந்தையை அங்கே அனுப்பாதீர்கள். இதில் நான் மென்மையாகப் பேச விரும்பவில்லை. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகளில் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மென்மையாக இருக்கின்றன. இயல்பிலேயே மூட்டுகள் அதிகமாக நெகிழும் குழந்தைகள்தான் போட்டிகளில் வெல்கிறார்கள். அவர்களுக்குத் தேவைப்படுவது மூட்டைத் தாங்கும் தசை வலு; இருக்கும் நெகிழ்வை மேலும் இழுத்து வளர்த்தால் பிற்காலத்தில் மூட்டு வலியாகத் திரும்பி வரும்.

பரிசுகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மேடையேறிய பெருமை குழந்தைக்கு நல்லதுதான். ஆயினும் பத்து வயதில் அழுதுகொண்டு செய்கிறவள் இருபது வயதில் பாயை விரிக்கவே மாட்டாள். அப்படி விலகிப்போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சூரிய நமஸ்காரம், மரம்போல் நிற்பது, தவளைபோல் தாவுவது, பிள்ளையார்பட்டிக்குப் போனால் முறையாகத் தோப்புக்கரணம் போடுவது ஆகிய யாவும் அவள் வயதுக்கு உகந்தவை. மூச்சை நிறுத்தும் பயிற்சி எதுவும் இப்போது வேண்டாம்.

கேள்வி: தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை செல்ல வேண்டிக்கொண்டிருக்கிறேன். வயது 46. கெண்டைக்காலும் குதிகாலும் தாங்க எந்த ஆசனம் செய்யலாம்?
— வாசகர், குன்றக்குடி

பதில்: நடப்பதற்கு நடையே முதல் பயிற்சி. கார்த்திகையிலேயே தொடங்கி, வாரந்தோறும் தூரத்தைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். வெறுங்காலில் செல்வதாக வேண்டுதல் என்றால் பயிற்சி நடையிலும் சிறிது தூரம் வெறுங்காலில் நடந்து பாதத்தைப் பழக்குங்கள். நடந்து முடித்ததும் சுவரில் கைகளை ஊன்றி, பின்னங்காலின் குதிகால் தரையைவிட்டு எழாமல் முன்னே சாய்ந்து, கெண்டைக்காலை நீட்டிவிடுங்கள். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குவதும் நல்லது. சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று செல்லும் வழியில், இரவு தங்குமிடத்தில் மல்லாந்து படுத்து, கால்களைச் சுவரில் உயர்த்திவைத்து ஐந்து நிமிடம் நிதானமாக மூச்சு விட்டால் வீக்கம் குறையும். கண்ணழுத்தம் உள்ளவர்கள் மட்டும் இதைத் தவிர்க்க வேண்டும். பழகாத ஆசனம் எதையும் யாத்திரைக்கு நடுவில் முயலாதீர்கள்.

கேள்வி: என் மாமியார் நாற்பது ஆண்டுகளாக யோகா செய்தவர். சென்ற மாதம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து படுக்கையில் இருக்கிறார். இனி எதுவும் செய்ய முடியாதே என்று பேச்சையே குறைத்துக்கொண்டார். அவருக்கு நான் என்ன சொல்வது?
— வாசகி, கண்டனூர்

பதில்: உங்கள் ஆச்சியிடம் கிருஷ்ணமாச்சாரியாரைப் பற்றிச் சொல்லுங்கள். தொண்ணூறு வயதைக் கடந்த பிறகு அவருக்கும் இடுப்பெலும்பு முறிந்தது. படுத்த படுக்கையிலேயே செய்யத்தக்க ஒரு பயிற்சியைத் தமக்கென வகுத்துக்கொண்டு அவர் தொடர்ந்து செய்தார். அரண்மனையில் அரிய ஆசனங்களை எல்லாம் செய்து காட்டியவருக்கே படுக்கையில் செய்ததும் யோகமாகத்தான் இருந்தது.

நாற்பது ஆண்டு பயின்றவருக்கு மூச்சின் வழி தெரியும். அதனால் நீங்கள் கற்றுக்கொடுப்பவராக அருகில் அமராமல், அவரிடம் கற்றுக்கொள்பவராக அமருங்கள் என்பது என் வேண்டுகோள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, நீங்களும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவர் எண்ண எண்ண மூச்சை இழுத்து விடுங்கள். எண்ணுவது அவராகவே இருக்கட்டும்.

அத்துடன் பாதங்களை முன்னும் பின்னும் அசைப்பது, விரல்களை மடக்கி விரிப்பது, மூச்சோடு கைகளை உயர்த்துவது ஆகியவற்றை மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் கேட்டுக்கொண்டு தொடங்கலாம். பாதங்களை அசைப்பதால் கால்களில் இரத்தம் தேங்காமல் ஓடும்; ஆழ்ந்த மூச்சினால் நெஞ்சில் சளி கட்டாமல் இருக்கும். படுக்கையில் நெடுநாள் இருப்பவர்களுக்கு இவை இரண்டும் மிக முக்கியமானவை. சிகிச்சை பெற்ற காலைக் குறுக்கே கொண்டுபோவதையும், இடுப்பை அதிகமாக மடக்குவதையும் மருத்துவர் அனுமதிக்கும்வரை செய்யக் கூடாது. அவர் வாக்கர் பிடித்து நிற்கத் தொடங்கியதும் எனக்கு மீண்டும் எழுதுங்கள். எந்தக் காலில் அறுவை நடந்தது, மருத்துவர் எவ்வளவு எடையை ஊன்றச் சொல்லியிருக்கிறார் என்பதையும் குறிப்பிட்டால், நின்று செய்ய வேண்டியவற்றை அடுத்த இதழில் விளக்குகிறேன்.